அமரர் ஊர்தியில் அக்காவுக்கு முன்சீட்டு

ஆஸ்பத்திரி வாசலில் அமரர் ஊர்தி வந்து நின்றது. காவலுக்கு நின்றவர் தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த இரண்டு பேர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார்கள். முன்கதவு திறந்தது. முதலில் நான் இறங்கினேன். பிறகு என் அக்கா வசந்தா, மடியில் இருந்த தூக்குவாளியை என்னிடம் நீட்டினாள்.

"இதப் பிடி ஏட்டி, மூடி லூசாக்கும்" என்றபடி அவளும் இறங்கினாள்.

காவல்காரருக்குத் தொப்பியை மறுபடி போட்டுக்கொள்ளலாமா வேண்டாமா என்று தெரியவில்லை. வண்டிக்குப் பின்னால் போய்க் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தார். உள்ளே ஒருவரும் இல்லை. பூவாசனையும் ஊதுபத்தி வாசனையும் மட்டும் வந்தன. போன வாரம் யாரோ போனதன் மிச்சம் அது.

முதல் தடவையாக இந்தத் தொடரைப் படிக்கிறவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். அக்காவுக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டன. செவ்வாயும் வெள்ளியும், மற்றவர்கள் கோயிலுக்குப் போகிற நாட்களில், அவள் டயாலிசிஸுக்குப் போவாள். அத்தான் இறந்துபோய் நாளாகிறது. ஒரே மகன் பிரபு மஸ்கட்டில் ஏசி மெக்கானிக். எனக்குத் தையல் மிஷின். இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருக்கிறோம்.

ஆஸ்பத்திரியில் மிஷின் இலவசம். படுக்கை இலவசம். மருந்து இலவசம். பெண்களுக்கு டவுன் பஸ்ஸும் இலவசம். எங்கள் கொல்லமாவிளையிலிருந்து இந்த இலவசங்களின் வாசல் வரை போய்ச் சேருவதற்குத்தான் வழியில்லை.

போன வாரம் கருங்கல் சந்தையில் மரச்சீனிக் கிழங்கு வாங்கியதைப் பற்றி எழுதியதற்கு, "சுகமாக எழுதுகிறீர்கள், ஊர் ஞாபகம் வருகிறது" என்று ஒரு வாசகர் சொல்லியனுப்பியிருந்தார். இந்த வாரம் அவருக்கு அவ்வளவு சுகமாக இருக்காது.

பஸ் போன கதை

எங்கள் ஊருக்குள் ஒரு காலத்தில் பஸ் வந்தது. காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. பிறகு குடிநீர்க் குழாய் போடுகிறோம் என்று ரோட்டைத் தோண்டினார்கள். குழாய் போட்டார்கள். தண்ணீர் வரவில்லை, பள்ளம் மூடவில்லை, பஸ்ஸும் நின்றுவிட்டது.

டிப்போவில் போய்க் கேட்டோம். ரோடு சரியில்லாமல் பஸ் விட முடியாது என்றார்கள். பஞ்சாயத்தில் போய்க் கேட்டோம். பஸ்ஸே ஓடாத ரோட்டுக்கு எப்படி முன்னுரிமை கொடுப்பது என்றார்கள். இரண்டு பேரும் மரியாதையாகத்தான் பேசினார்கள். இரண்டு பேரும் நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார்கள். நாங்களும் உட்கார்ந்து எழுந்து வந்தோம்.

டிப்போவில் ஒருவர் மட்டும் வெளியே வந்து ரகசியம்போல உண்மையைச் சொன்னார். உங்கள் ஊரில் ஏறுவது முழுக்கப் பெண்கள், எல்லோருக்கும் இலவசம், கலெக்‌ஷன் கிடையாது என்றார். எங்கள் ஊர் ஆண்களிடம் பைக் இருக்கிறது. அவர்கள் எதற்கு பஸ்ஸில் ஏறப்போகிறார்கள்? ஆக, பஸ் ஆள் நிறைந்து ஓடியதால் நின்றுபோன ஊர் எங்கள் ஊர். இதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாமா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

மெயின் ரோட்டுக்குப் போனால் பஸ் கிடைக்கும். அதற்கு ஏற்றம் ஏற வேண்டும். நல்ல காலுக்கு அது ஒரு பொருட்டில்லை. மிஷினில் கிடந்து வந்த காலுக்கு அது மலை. ஏறி நின்றாலும், பெண்கள் கூட்டமாக நிற்பதைக் கண்டதும் சில டிரைவர்களுக்கு பிரேக் கொஞ்சம் தாமதமாகத்தான் பிடிக்கும். பஸ் அடுத்த மின்கம்பத்துக்குப் பக்கத்தில் போய் நிற்கும். ஓடுகிறவர்கள் ஏறிக்கொள்வார்கள்.

ஆட்டோ உண்டு. ஊர் ஆட்டோக்காரர் நல்ல மனுஷர்தான். ஆனால் அந்தப் பள்ளத்தில் இறங்கி ஏறினால் அவருடைய ஆட்டோவும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிவரும். நான் ஜாக்கெட் தைத்த கூலியெல்லாம் அந்த ஆட்டோவில்தான் ஏறிப் போயிற்று. ஆம்புலன்ஸ் உண்டு. ஆபத்து வந்தால் வரும். ஆபத்து வராமல் தடுக்க ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களுக்கு வராது.

இதெல்லாம் அக்காவுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். மாதாமாதம் போய் பிரஷருக்கும் சர்க்கரைக்கும் மருந்து வாங்கியவர்கள், முதலில் ஒரு மாதம் விட்டார்கள். பிறகு இரண்டு மாதம். பிறகு, "எனக்கு இப்பம் ஒண்ணும் இல்ல" என்று சொல்ல ஆரம்பித்தார்கள். பஸ் நின்ற பிறகு கொல்லமாவிளையில் சர்க்கரை வியாதிக்காரர்கள் கணிசமாகக் குறைந்துவிட்டார்கள். ஆஸ்பத்திரிக் கணக்கில்தான்.

வாசலுக்கு வந்த வண்டிகள்

எங்கள் ஊருக்கு வண்டியே வந்ததில்லை என்று சொன்னால் அது பொய். நானும் அக்காவும் சின்ன வயதில் அண்டியாபீஸுக்கு, அதாவது முந்திரிக்கொட்டை உடைக்கும் கம்பெனிக்கு, வேலைக்குப் போனோம். விடிவதற்கு முன்னால் கம்பெனி வண்டி சந்துக்குள் வந்து ஹாரன் அடிக்கும். அது நுழையாத சந்து கிடையாது. மழையில் சேறானாலும் வரும், மரம் விழுந்து கிடந்தாலும் சுற்றி வரும். கொட்டை உடைக்க எங்கள் கை வேண்டியிருந்தது. கொட்டையின் பால் பட்டு அந்தக் கைகள் கறுத்துக் கிடக்கும். எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது.

பிரபு வயிற்றில் இருந்தபோது அக்கா டாக்டரிடம் போனதெல்லாம் அந்த வண்டியில்தான். பிரசவ வலி எடுத்த அன்றும் டிரைவரைக் கெஞ்சி, வேலைக்குப் போகும் பெண்களுக்கு நடுவில் உட்கார்ந்து போனாள். ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டு வண்டி கம்பெனிக்குப் போனது. நானும் கம்பெனிக்குப் போனேன். லீவு கேட்க முன்தினமே சொல்லியிருக்க வேண்டுமாம். வலி எப்போது வரும் என்று அக்கா முன்தினம் சொல்லவில்லை.

இன்னொரு வண்டி தேர்தல் அன்றைக்கு வரும். பள்ளம் கிள்ளம் எதுவும் அன்றைக்கு ஆட்டோக்களின் கண்ணில் படாது. கடைசித் தேர்தலில் அக்காவை வாசலிலேயே வந்து ஏற்றிக்கொண்டு போனார்கள். அன்று அக்காவுக்கு மிஷின் நாளும்கூட. ஓட்டுப் போட்டுவிட்டு வந்தவள், அப்படியே ஆஸ்பத்திரியில் விட்டுவிட முடியுமா என்று கேட்டாள். அந்தப் பையன்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆஸ்பத்திரி வேறு தொகுதி என்றார்கள்.

எல்லோருக்கும் பயன்படும் வண்டி

வளைகுடாவில் இருக்கும் எங்கள் ஊர்ப் பையன்கள் சேர்ந்து, ஊருக்கு ஒரு வண்டி வாங்கிக் கொடுக்கிறோம் என்றார்கள். பிரபுவும் அதில் ஒருவன். அம்மாவை மனதில் வைத்துக்கொண்டுதான் அவன் பணம் போட்டான். ஆம்புலன்ஸ் வாங்குவார்கள் என்று நினைத்துவிட்டான். ஊர்நல மன்றத்தின் கூட்டம் எப்படி நடக்கும் என்பது மஸ்கட்டிலிருந்து தெரிவதில்லை.

மன்றத் தலைவர் தங்கப்பன் அண்ணன் நன்றாகப் பேசுவார். ஆம்புலன்ஸ் என்றால் ஆக்ஸிஜன் வேண்டும், நர்ஸ் வேண்டும் என்றார். அதுவும் நோயாளிகளுக்கு மட்டும்தான் உதவும். ஊரில் எல்லோரும் நோயாளிகளா? ஆனால் சாவு அப்படியில்லை. இந்து, கிறிஸ்தவர், இருக்கிறவன், இல்லாதவன் எல்லோருக்கும் பொது. ஊர்ப் பணம் எல்லோருக்கும் பயன்பட வேண்டும். ஆகவே அமரர் ஊர்தி.

யாரும் மறுத்துப் பேசவில்லை. மறுத்தால், நான் சாகமாட்டேன் என்று சொல்வதுபோல ஆகிவிடும். தவிர, பக்கத்து ஊரில் ஏற்கனவே கண்ணாடி வைத்த அமரர் ஊர்தி ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் ஊரில் செத்தவர்கள் அடுத்த ஊரின் பெயர் எழுதிய வண்டியில் போவது பலருக்கும் ரொம்ப நாளாக மனக்குறை. உயிரோடு இருக்கும்போது எதில் போனார்கள் என்று யாரும் கேட்கவில்லை.

வண்டி வந்தது. பக்கத்து ஊர் வண்டிக்கு ஒரு பக்கம்தான் கண்ணாடி, எங்களுடையதற்கு இரண்டு பக்கமும். பணம் கொடுத்தவர்களின் பெயர்கள் வரிசையாக எழுதப்பட்டிருந்தன. 'வ. பிரபு, மஸ்கட்' என்பது பின்சக்கரத்துக்கு மேலே. அக்கா அதைத் தடவிப் பார்த்தாள். அவளுக்குச் சந்தோஷமா வருத்தமா என்று எனக்குப் பிடிபடவில்லை. எனக்கு எரிச்சல்தான் வந்தது.

பேட்டரிக்கு வந்த கவலை

வண்டி ஓட்ட விஜயன் என்ற பையனை வைத்தார்கள். சவுதியில் தம்மாமில் ரொட்டிக் கம்பெனி வண்டி ஓட்டிவிட்டுத் திரும்பி வந்தவன். ஊரில் தினமும் சாவா விழுகிறது? வண்டி பெரும்பாலும் ஷெட்டில்தான் கிடந்தது. ஓடாமல் கிடந்தால் பேட்டரி போய்விடும், வாரத்தில் இரண்டு தடவையாவது ஓட்ட வேண்டும் என்று விஜயனுக்குக் கவலை. ஒரு செவ்வாய்க்கிழமை நாங்கள் ஏற்றத்தில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நிறுத்தினான்.

"அக்கா, வண்டி சும்மாதான ஓடுது. மனசுக்கு ஒண்ணும் தோணாதுண்ணா ஏறுங்க."

அக்காவுக்கு மனதில் ஒன்றும் தோன்றவில்லை. ஏறிவிட்டாள். டீசலுக்கு நாங்கள் கொடுத்துவிடுவது என்று ஏற்பாடு.

அந்த வண்டியின் சுகத்தை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். உயரமான வண்டி, பள்ளம் தெரியாது. எங்களுக்காக ஒருநாளும் நிற்காத பஸ்கள், எங்களைக் கண்டதும் ஓரம்கட்டி நின்றன. செக்போஸ்டில் போலீஸ்காரர் சல்யூட் அடித்தார். அக்கா முதலில் கூச்சப்பட்டாள். பிறகு கல்யாண வீட்டில் நிற்பவள்போலத் தலையசைத்துப் பதில் மரியாதை செய்யப் பழகிக்கொண்டாள். கால் வீக்கம் வடிந்தது. முகம் தெளிந்தது. நேரத்துக்கு வருகிற பேஷண்ட் என்று நர்ஸ் அவளை மற்றவர்களுக்கு உதாரணமாகக் காட்டினாள். எதில் வருகிறாள் என்று கேட்கவில்லை.

செல்லையன் அண்ணன் வந்த வெள்ளிக்கிழமை

எங்கள் பின்வீட்டுச் செல்லையன் அண்ணன் பிரஷர்காரர். மருந்து நின்று மாதங்கள் ஆகியிருந்தன. ஒரு வியாழக்கிழமை வாழைக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்துவிட்டார். ஆபத்து வந்துவிட்டதால் ஆம்புலன்ஸும் வந்தது. மறுநாள், அக்கா மிஷினில் கிடக்கும்போது, அதே ஆஸ்பத்திரியில் அவர் உயிர் போய்விட்டது.

ஊரிலிருந்து விஜயனுக்குப் போன் வந்தது. அவன் எங்களோடு அங்கேதான் இருந்தான். உடலை வாங்குவதற்கான கையெழுத்துகள் முடிவதற்கும் அக்காவை மிஷினிலிருந்து எடுப்பதற்கும் சரியாக இருந்தது. முன்னால் விஜயன், அக்கா, நான். பின்னால் செல்லையன் அண்ணனும், அவர் மனைவி கமலம் மைனியும். மைனி அழவில்லை. பாதி வழியில், நடுவிலிருந்த சின்ன ஜன்னல் வழியாக, "வசந்தா, வல்லதும் சாப்பிட்டியா?" என்று கேட்டாள். அக்கா அப்போதுதான் அழுதாள்.

ஊரில் பந்தல் போட்டுக் கூட்டம் காத்திருந்தது. வண்டியைக் கண்டதும் பெண்கள் தலையில் அடித்துக்கொண்டு ஓடி வந்தார்கள். முன்கதவு திறந்து அக்கா இறங்கினாள். ஒப்பாரி அந்தரத்தில் நின்றது. செத்தது யார் என்று சரியாகக் கேட்காமலே இராஜாக்கமங்கலத்திலிருந்து வந்திருந்த ஒரு உறவுக்காரர் பின்னால் நகர்ந்து ஒரு வாழையைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். வாழை சரிந்தது.

அடக்கம் முடிந்ததும் மன்றம் கூடியது. உயிரோடு இருப்பவர்கள் அந்த வண்டியில் ஏறுவது ஊருக்கு ஆகாது, இன்றைக்கு வசந்தா, நாளைக்கு எல்லோரும் ஏறுவார்கள் என்றார் தங்கப்பன் அண்ணன். அமரர் ஊர்தியில் இனி அமரர்கள் மட்டும் என்று தீர்மானம் போட்டார்கள். விஜயனிடமிருந்து சாவியை வாங்கிக்கொண்டார்கள்.

"செரி" என்றாள் அக்கா. "தகுதி வந்தபெறவு ஏறிக்கிடுதேன்."

சிரித்தவர்கள் சிலர். என்னால் சிரிக்க முடியவில்லை.

வீங்கிய கால்

அடுத்த செவ்வாய்க்கிழமை ஆட்டோ வரவில்லை. பள்ளத்தில் இறங்கி எதுவோ உடைந்துவிட்டது. ஏற்றம் ஏறிப் பார்த்தோம். பாதியில் அக்கா ரோட்டோரத்துக் கல்லில் உட்கார்ந்துவிட்டாள். மெயின் ரோட்டில் பஸ் போகும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தோம்.

புதன்கிழமை கால் வீங்கியது. செருப்பு நுழையவில்லை. வியாழக்கிழமை முகமும் வீங்கியது. படுத்தால் மூச்சு முட்டியது, தலையணைகளை அடுக்கி உட்காரவைத்தேன். தாகம், தாகம் என்றாள். அவளுக்குத் தண்ணீர் அளந்துதான் கொடுக்க வேண்டும். பார்க்க வந்தவர்கள் ஆளுக்கு ஒரு இளநீர் கொண்டுவந்தார்கள். கிட்னி போனவளுக்கு இளநீர் விஷம் என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்தது. அன்பாகக் கொண்டுவந்தவர்களிடம் எரிந்து விழுந்தேன். எனக்குப் பயமாக இருந்தது. இந்த ஊரே சேர்ந்து, கையைக் கட்டிக்கொண்டு, ரொம்ப மரியாதையாக என் அக்காவைக் கொல்கிறது என்று தோன்றியது. ஆம்புலன்ஸை எப்போது கூப்பிடலாம், இது ஆபத்தா, இன்னும் கொஞ்சம் முற்ற வேண்டுமா என்று கணக்குப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சாயங்காலம் செல்லையன் அண்ணன் வீட்டில் துக்கம் கேட்க ஆட்கள் கூடியிருந்தார்கள். தங்கப்பன் அண்ணன் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து கருப்பட்டிக் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். நான் நேராகப் போய், சாவியைக் கொடுங்கள் என்றேன். தீர்மானம் ஊருடையது, தன் இஷ்டத்துக்கு மாற்ற முடியுமா என்று அவர் ஆரம்பித்தார். உள்ளே பாயில் உட்கார்ந்திருந்த கமலம் மைனி எழுந்து வாசலுக்கு வந்தாள்.

"எனக்க வீட்டுக்காரரு அந்த வண்டியில கெடந்துட்டு வந்தாரு. மருந்து தீந்தப்பம் அதுல உக்காந்து போயிருந்தா, நடந்து வீட்டுக்குள்ள வந்திருப்பாரு. வண்டி அண்ணைக்கும் ஷெட்டுலதான் நிண்ணுது."

தங்கப்பன் அண்ணன் காப்பி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். மைனி நிறுத்தவில்லை.

"நாளைக்கு வெள்ளிக்கிழம. வசந்தாவக் கொண்டு போணும். எனக்கும் பிரஷர் மருந்து தீந்து எவ்வளவோ நாளாச்சு. நானும் போறேன்."

பதினாறாம் நாள் கழியாமல் தாலியறுத்தவள் படி இறங்கக் கூடாது என்று யாரோ ஒரு அம்மாள் முணுமுணுத்தாள். எங்கள் பக்கத்தில் அந்த வழக்கத்தை மீறியவர்கள் கிடையாது.

"அவருக்குப் பக்கத்துல போய்ப் படுக்க எனக்கு ஒரு அவசரமும் இல்ல" என்றாள் மைனி.

தங்கப்பன் அண்ணன் சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்தார். அதோடு ஒரு மாத்திரை அட்டையும் வெளியே வந்தது. எல்லாக் குழியும் காலி. அதை மறைக்கப் பார்த்தார், பிறகு வேண்டாம் என்று விட்டுவிட்டார்.

வெள்ளிக்கிழமை காலை அக்காவை நானும் விஜயனும் தூக்கித்தான் முன்சீட்டில் வைத்தோம். பின்னால், உடலைக் கிடத்தும் பலகைக்கு இரண்டு பக்கமும், கமலம் மைனியோடு இன்னும் ஐந்தாறு பெண்கள் ஏறியிருந்தார்கள். கடைசியில் தங்கப்பன் அண்ணன் வந்து நின்றார். மைனி கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.

அக்காவைப் பார்த்ததும் நர்ஸ் திட்டினாள். நேரே மிஷினில் போட்டார்கள். இன்னும் ஒருநாள் தள்ளியிருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்தார், முடிக்கவில்லை. சாயங்காலம் அக்கா தானாக நடந்து வந்து வண்டியில் ஏறினாள். எனக்கு அங்கேயே உட்கார்ந்து அழ வேண்டும்போல இருந்தது. பின்னால் ஆட்கள் காத்திருந்ததால் அழவில்லை.

பஸ் இன்னும் வரவில்லை. பள்ளம் அப்படியே இருக்கிறது. செவ்வாயும் வெள்ளியும் அமரர் ஊர்தி ஆள் நிறைந்து போகிறது. தீர்மானத்தை யாரும் ரத்து செய்யவும் இல்லை, ஞாபகப்படுத்தவும் இல்லை. எங்களுக்கு ஒரே ஒரு தொந்தரவுதான். ஊரில் யாராவது செத்துவிட்டால் அன்றைக்கு வண்டி கிடைக்காது. ஆனால் முன்னைப்போல இப்போது அவ்வளவு சாவு விழுவதில்லை என்று விஜயன் சொல்கிறான்.